எந்தப் பாடம் படிப்பது என்பதைத் தீர்மானிப்பது பிறவிக் குணமா?

(அளவுகோல், கண்மணி, இளவேனில் என்ற பெயர்களில் மூவர் எழுதிய விவாதம்.)

அளவுகோல்: ஆண்கள் பொருள்களையும் பெண்கள் மனிதர்களையும் சார்ந்த படிப்புகளை நாடுவது பிறவிக் குணம் என்பதை இனியாவது ஒப்புக்கொள்ளுங்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆர்வங்களைத் தொகுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், இந்த இடைவெளி 0.93 திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) அளவுக்கு இருந்தது. உளவியலில் இது மிகப் பெரிய வேறுபாடு.

கண்மணி: ஆர்வம் வேறுபடுகிறது என்று காட்டும் ஆய்வு, அது பிறவியிலேயே வந்தது என்று எங்கே நிறுவியது? அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்கள் 1984இல் ஏறத்தாழ 37 சதவீதம். 2010 வாக்கில் 18 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் பிறவிக் குணம் பாதியாகிவிடுமா?

அளவுகோல்: அந்த 37 ஒரே நாட்டின் உச்சக் கணக்கு. 1986க்குப் பிறகு அப்பட்டம் பெற்ற ஆண்களின் எண்ணிக்கையும்தான் சரிந்தது. அதை வசதியாக மறைத்துவிட்டீர்கள்.

கண்மணி: நான் எதையும் மறைக்கவில்லை, விகிதம் என்றால் என்னவென்று நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள். இருபாலரும் ஒரே வேகத்தில் விலகியிருந்தால் 37 அப்படியே நின்றிருக்கும். வீட்டுக் கணினி பையன்களுக்கான பொருளாக விளம்பரம் செய்யப்பட்டு, பல வீடுகளில் மகனின் அறைக்குப் போனது. முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களின் வேகத்துக்கு முதலாண்டு வகுப்பு நகர்ந்தபோது, கணிதத்தில் தேர்ந்த பெண்கூடத் தனக்கு இது வராது என்று முடிவு கட்டினாள். 1946இல் தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு நிரல் எழுதிய அறுவரும் பெண்களே என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

இளவேனில்: இருவரும் ஆளுமையையே விட்டுவிட்டீர்கள். பொருளியல், சட்டம், வணிகம் பயில்வோரிடம் இணக்கப் பண்பு சராசரியாகக் குறைவு என்றும், கலை, உளவியல் மாணவர்களிடம் புதுமை நாட்டமும் பதற்றமும் கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே பாலினத்துக்குள்ளேயே எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள்!

அளவுகோல்: ஆளுமையைப் பிறகு பார்க்கலாம், முதலில் 37 உச்சக் கணக்கு என்ற என் மறுப்புக்கு விடை வரட்டும். சென்ற விவாதத்தில் கணித மதிப்பெண்ணைக் காரணம் காட்டியவர் இப்போது விளம்பரத்துக்குத் தாவியிருக்கிறார்.

கண்மணி: கணித மதிப்பெண்ணைப் பற்றி நான் சொன்னதை அன்றும் நீங்கள் முழுமையாகப் படிக்கவில்லை. கணிதம், மொழி இரண்டிலும் வல்லவர்களுக்குப் பல வழிகள் திறந்திருப்பதால் அவர்கள் அறிவியல் துறைகளுக்குப் போவது குறைகிறது என்றும், அவர்களில் பெண்களே அதிகம் என்றும்தான் சொன்னேன். அதுவும் தேர்வுதான், இயலாமை அல்ல.

அளவுகோல்: தேர்வு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கண்மணி: நீங்கள் சொன்னது பிறவிக் குணம். 37 எப்படி 18 ஆயிற்று என்பதற்கு இன்னும் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

அளவுகோல்: உச்சக் கணக்கு என்று எழுதினேன். மீண்டும் படியுங்கள்.