புதுப்பிப்பு: 'லவ்'வுக்கு ரைம் கிடைத்துவிட்டது

ஆச்சியின் பிறந்தநாளுக்கு மகள் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுகிறாள், 'லவ்' என்ற சொல்லுக்கு ரைம் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். 'மூவ்', 'ப்ரூவ்' என்று பலர் சொன்னீர்கள். நானும் அதையே சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுத்தில்தான் ஒற்றுமை, உச்சரித்தால் 'ஊ' வந்து நிற்கிறது. ஆங்கில ரைமுக்குக் காதுதான் கணக்கு. கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலி தொடங்கி முடிவு வரை ஒன்றாக ஒலிக்க வேண்டும். நம் யாப்பில் இதற்கு நெருக்கமானது அடிகளின் கடைசி ஒன்றி வரும் இயைபு, இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை இல்லை.

அப்படிப் பார்த்தால் தேறுவது சொற்பம்: அபவ், க்ளவ், ஷவ், புறாவைக் குறிக்கும் டவ். (சென்னைத் தமிழில் 'டாவு' என்றாலே காதல்தான், அது தனிக்கதை.)

வேடிக்கை என்னவென்றால், அவள் முதலில் எழுதியது 'ஸ்டவ்'. ஆச்சி எந்நேரமும் ஸ்டவ் முன்னால்தானே நிற்கிறார்! நம் வாயில் லவ்வும் ஸ்டவ்வும் அச்சாகப் பொருந்துகின்றன. ஆங்கிலேயர் வாயில் அது 'ஸ்டோவ்'. டீச்சரிடம் காட்டியபோது அவர் அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

கடைசியில் டீச்சருக்காக அபவ் போட்டு ஒப்பேற்றினாள். ஆனால் ஆச்சிக்குக் கொடுத்த அட்டையில் பிடிவாதமாக ஸ்டவ்தான். ஆச்சி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.