புதுப்பிப்பு: புதுக் கணினிகள் நெட்வொர்க்கில் பூட் ஆகாத சிக்கல் தீர்ந்தது

பழைய கணினிகள் நெட்வொர்க் வழியாக பூட் ஆகி விண்டோஸ் ஏற்றிக்கொள்கின்றன, பயாஸ் என்ற பழைய தொடக்க மென்பொருளுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகள் மட்டும் அடம்பிடிக்கின்றன என்று கேட்டிருந்தேன் இல்லையா? சரியாகிவிட்டது.

வில்லன், கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரில் உள்ள ஆப்ஷன் 67 என்ற அமைப்பு. பழைய பயாஸுக்கான பூட் கோப்பின் பெயர் அதில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. யூஇஎஃப்ஐ கணினி கேட்டாலும் அதே கோப்புதான் போகும். அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அதையும், பூட் சர்வரின் பெயரைச் சொல்லும் ஆப்ஷன் 66ஐயும் நீக்கிவிட்டு, ரூட்டரில் அந்தக் கணினிகள் இருக்கும் விலானுக்கான (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) ஐபி ஹெல்பர் முகவரிகளில், அதாவது கணினிகளின் கோரிக்கைகளை ரூட்டர் கடத்திவிடும் முகவரிகளில், டிஎச்சிபி சர்வரோடு, நெட்வொர்க் வழியாக விண்டோஸ் நிறுவித் தரும் டபிள்யூடிஎஸ் சர்வரையும் சேர்த்தோம். கணினி தன் வகையை ஆப்ஷன் 93இல் சொல்லிவிடுவதால், பொருத்தமான கோப்பை டபிள்யூடிஎஸ் சர்வரே பார்த்துக் கொடுக்கிறது.

செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமுள்ள பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைக்கச் சொன்னவர்களுக்கு: தேவைப்படவில்லை. அப்புறம், மல்டிகாஸ்டில் (ஒரே தரவைப் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) விண்டோஸ் இமேஜ் அனுப்பினால் ஸ்விட்சின் மற்ற போர்ட்டுகளும் திணறுகின்றன. கேட்ட போர்ட்டுகளுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஸ்விட்சில் ஆன் செய்யும் வரை அந்த வேலை மாலையில்தான்.