கோல்டியன் பிஞ்ச்: மூச்சு விடேக்க 'டிக் டிக்' சத்தம்

இடம் கொக்குவில். கறுப்புத் தலை, ஊதா நெஞ்சு ஆண் கோல்டியன் பிஞ்ச் (கூட்டில வளக்கிற சின்னக் குருவி), ஒன்றரை வயசு. மூண்டு கிழமையாய் இரவில லைட் நூத்தாப் பிறகு 'டிக் டிக்' எண்டு சத்தம். வாயைத் திறந்து மூச்சு விடுது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடுது, பாட்டு நிண்டிட்டுது. தினை, சாமை, கணவாய் ஓடு எல்லாம் வழமைபோலச் சாப்பிடுது.

காற்றுப்பை உண்ணி (குருவியின்ர மூச்சுக்குழாயில இருக்கிற நுண்ணிய ஒட்டுண்ணி) எண்டு நினைச்சு 0.1% ஐவர்மெக்டின் எண்ட ஒட்டுண்ணி மருந்து ஒரு துளி கழுத்துத் தோலில, 7 நாள் இடைவெளியில 2 தரம் விட்டாச்சு. பெட்டைக்கும் விட்டது, அதுக்கு ஒண்டுமில்லை. வட அவுஸ்திரேலியாப் பறவை, ஈரக்குளிர் ஒத்துவராது. கூட்டைச் சாரல் படாத உள்ளறைக்கு மாத்தியாச்சு. முதல் துளிக்கு இரண்டு நாள் சத்தம் குறைஞ்சு, திரும்ப வந்திட்டுது. செத்த உண்ணியே மூச்சுக்குழாயை அடைக்கும் எண்டதால அளவைக் கூட்டேல்லை.

மூண்டாம் துளி விட முதல், இது உண்ணியோ பூஞ்சைத் தொற்றோ எண்டு எப்பிடிப் பிரிச்சறியிறது?