புதுப்பிப்பு: அந்த இரண்டு சோரியாசிஸ் மாதிரிகளைத் தூக்கிப் போடவில்லை

போன பதிவில் கேட்டிருந்தேன்: சோரியாசிஸ் (தோலில் தடிப்புகள் வரும் நோய்) உள்ள 12 நோயாளிகள், ஒவ்வொருவரிடமும் தடிப்பிலிருந்து ஒன்று, நல்ல தோலிலிருந்து ஒன்று, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஆர்என்ஏ வரிசைப்படுத்தியதில் இரண்டு மாதிரிகள் மட்டும் பிசிஏ படத்தில் (ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் வரைபடம்) எதிர்க்கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன, நீக்கிவிடலாமா என்று. பலர் நீக்கச் சொன்னீர்கள். நல்லவேளை, செய்யவில்லை.

உயிர்த்தகவலியல் உதவிக் குழுவிடம் கொடுத்தேன். அவர்கள் முதலில் பார்த்தது எக்ஸிஸ்ட் மரபணுவை. பெண்களிடம்தான் அது நன்றாக வெளிப்படும். 4ஆம் நோயாளி ஆண். அவருடைய 'தடிப்பு' மாதிரியில் எக்ஸிஸ்ட் கொட்டிக் கிடக்கிறது! 9ஆம் நோயாளி பெண். அவருடைய 'நல்ல தோலில்' ஒய் குரோமோசோம் மரபணுக்கள், கூடவே தடிப்புக்கே உரிய கெரட்டின் 16 உச்சத்தில். குழாய்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணு மாறுபாடுகளை ஒப்பிட்டதும் அதையே உறுதி செய்தது. லேபிள் ஒட்டியது நான்தான், வேறு யாரையும் திட்ட முடியாது.

அப்புறம் டெஸீக்2 (மரபணு வெளிப்பாட்டு வித்தியாசங்களைக் கணக்கிடும் மென்பொருள்) மாதிரியமைப்பில் நோயாளியையும் ஒரு காரணியாகச் சேர்த்தார்கள். ஒரே ஆளின் இரு தோல்களை ஒப்பிடுவதால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் கழிந்துவிடுகிறது. ஜோடி ஜோடியாக மாதிரிகள் எடுத்துவிட்டு இதைச் செய்யாமல் இருந்தது என் சோம்பல்.

சோரியாசிஸ் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17ஏ, அதாவது டி செல்கள் (ஒரு வகை நோயெதிர்ப்பு செல்கள்) சுரக்கும் சமிக்ஞைப் புரதம், இன்னும் குறைவாகத்தான் தெரிகிறது. தோல் துண்டில் பெரும்பாலும் கெரட்டினோசைட்டுகள் (மேல்தோல் செல்கள்), டி செல்கள் கொஞ்சம்தான். அதனால் ஐஎல்-17ஏவின் விளைவை, அது கெரட்டினோசைட்டுகளில் தூண்டிவிடும் எஸ்100ஏ7 போன்ற மரபணுக்களில்தான் தேட வேண்டும். அந்த வேலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.