மும்பை செம்பூர் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியல்

முருகன் சித்தப்பா, 7:12
(பலமுறை பகிரப்பட்டது)
வெளிநாட்டுப் பணத்தில் நம் பேட்டையைப் பிடிக்கும் திட்டம்! கீழே உள்ள 43 கடைகளும் அவர்களுடையவை. எந்தப் பத்திரிகையும் இதைப் போடாது. தேசபக்தர் என்றால் 20 பேருக்கு அனுப்புங்கள்.

செல்வி அக்கா, 7:40
சித்தப்பா, இது யார் எடுத்த கணக்கு?

முருகன் சித்தப்பா, 7:44
விவரம் தெரிந்தவர்கள்தான் எடுத்திருப்பார்கள். பேப்பரில் வராததே ஆதாரம் அம்மா. அமுக்கிவிட்டார்கள்.

செல்வி அக்கா, 7:46
வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம் என்றால், பொய் என்று எப்போதுதான் தெரியும்?

கார்த்திக், 7:51
ஆனால் அக்கா, அந்தத் தெருவில் அவர்கள் கடை நிறைய இருப்பது உண்மைதானே?

பெரியப்பா, 8:20
உண்மைதான். எங்கள் காலத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1960களில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ மராத்தி வார இதழில், பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர் பெயர்களை டெலிபோன் டைரக்டரியில் இருந்து எடுத்து வரிசையாகப் போட்டார்கள். தலைப்பு ‘வாசா ஆணி தண்ட் பசா’. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று அர்த்தம். அப்புறம் அதை ‘படித்துவிட்டு எழுந்திருங்கள்’ என்று மாற்றினார்கள். 1966இல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின.

பெரியப்பா, 8:26
நம் ஆட்கள் ஆபீஸ்களில் நிறைய இருந்தது உண்மை. ஊரில் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து பாஸ் பண்ணிவிட்டு ரயில் ஏறினார்கள். அண்ணன் வந்தான், அப்புறம் தம்பியை வரவழைத்தான். வேலை கிடைக்காத மராத்திப் பையன்களின் வயிற்றெரிச்சலும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ‘திட்டம்’ என்று ஒரு சொல்லைச் செருகினார்கள் பார், அதுதான் பொய். அப்பா வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். ரயிலில் தமிழ் பேசாதே என்றார். எனக்குப் பத்து வயது. முருகன் அப்போது கைக்குழந்தை.

கார்த்திக், 8:31
அந்தப் பலகை இருக்கிறதா பெரியப்பா?

பெரியப்பா, 8:33
இருக்கிறது. திரும்ப மாட்டவே இல்லை.

செல்வி அக்கா, 8:40
பம்பாய்த் துணி மில் வேலைகள் பெரும்பாலும் போனது 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் அதில் இறங்கினார்கள். அந்த வேலைகளை எந்த மதராஸியும் பறிக்கவில்லை. 2008இல் ரயில்வே தேர்வு எழுத வந்த வடஇந்தியப் பையன்களை ராஜ் தாக்கரேயின் கட்சிக்காரர்கள் அடித்தார்கள். ஆள்தான் மாறுகிறது சித்தப்பா. இன்று நம் பெயர் இல்லாததால் நமக்கு உறைக்கவில்லை.

முருகன் சித்தப்பா, 9:35
பட்டியலை முழுதும் இப்போதுதான் படித்தேன். 17ஆவது, நாம் முப்பது வருஷமாகப் பாவ் வாங்கும் பேக்கரி. அவர் அப்பா இதே தெருவில்தான் பிறந்தார். இங்கே அழித்துவிட்டேன். குடியிருப்பு சொசைட்டி குழுவில் போட்டு நாலு நாள் ஆகிவிட்டது, அழிக்க முடியவில்லை.

செல்வி அக்கா, 9:37
பெரியப்பா எழுதியதை அங்கேயும் போடுங்கள். இந்தியில் நான் மாற்றித் தருகிறேன்.

முருகன் சித்தப்பா, 9:41
சரி. மராத்தியிலும் எழுதித் தா. என் பெயரிலேயே போடுகிறேன்.