ஸ்பைடர்விக் படித்துவிட்டு 9 வயதுப் பையன் தூங்க மாட்டேன் என்கிறான், நிறுத்தவா?

ராமமூர்த்திநகர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம்தான் மதுரையிலிருந்து பெங்களூரு வந்தோம். எனக்கு இங்கே வேலை, அவருக்கு தோஹாவில், அடுத்த வருஷம்தான் வருவார். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பையனுக்கு 9, பெண்ணுக்கு 6.

சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் விற்கும் கடையில் குட்டிப் பூதங்கள் வரும் ஆங்கிலச் சிறுவர் கதையான ஸ்பைடர்விக் கிரானிகிள்ஸ் ஐந்து பாகமும் கிடைத்ததென்று வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சலித்துக்கொள்கிறவன் இரண்டு வாரத்தில் நான்கு பாகம் முடித்துவிட்டான். ஆனால் இப்போது பரணில் எலி ஓடினால்கூட அது திம்பிள்டாக் என்கிறான், கதையில் சுவருக்குள் குடியிருக்கும் குட்டிப் பூதம். ராத்திரி கிண்ணத்தில் பாலும் பிஸ்கட்டும் வைக்கிறான், காலையில் வரிசையாக எறும்பு. அதுகூடப் பரவாயில்லை, மூன்று நாளாக விளக்கை அணைக்க விடவில்லை, அவனைப் பார்த்து பாப்பாவும் அழுகிறாள். அத்தை போனில், பேய்க் கதையை முதலில் வீட்டை விட்டு வெளியே போடு என்கிறார். ஐந்தாம் பாகத்தை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கொடுக்கவா, வேண்டாமா? படத்தைப் போட்டுக் காட்டினால் பயம் தெளியுமா?

இரண்டு பிள்ளைக்காரி, பானஸ்வாடி:

பூட்டாதீர்கள்! முடிவு தெரியாத கதைதான் பிள்ளைகளை ரொம்பப் பயமுறுத்தும். என் பெண்ணுக்கும் இதே வயதில் கொடுத்தேன், ஐந்தையும் நானும் படித்தேன். ஹோலி பிளாக்கும் டோனி டிடெர்லிசியும் சேர்ந்து செய்தது, 2003, 2004 இரண்டே வருஷத்தில் ஐந்தும் வந்துவிட்டன, டிடெர்லிசியின் படங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குப் பாதி பயமும் பாதி ஆசையும். காப்ளின் என்கிற பொல்லாத குட்டிப் பூதங்கள், பல்லே இல்லாததால், உடைந்த கண்ணாடியையும் கல்லையும் பல்லாகச் செருகிக்கொண்டு வருகிறதை எந்தப் பிள்ளை மறக்கும்?

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜேரட், சைமன் இரட்டையருக்கும் கதையில் 9 வயதுதான். அப்பா பிரிந்துபோனதால் அம்மாவோடும் அக்கா மேலரியோடும் ஊரை விட்டு ஒரு பழைய வீட்டுக்கு வருகிறார்கள், சுவருக்குள் சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டில் அப்பா வேலைக்குத்தான் போயிருக்கிறார், சரி, ஆனால் பையனுக்கு எல்லாமே தன் வீட்டில் நடப்பது மாதிரி இருக்குமே. கதையில் அவர்களுக்குப் பாட்டி முறையான லூசிண்டாவும் அப்படித்தான், தன் சின்ன வயதில் காணாமல்போன அப்பாவை நினைத்தே கிழவியாகிவிட்டாள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், காப்ளினுக்காக இருக்காது என்றுதான் என் மனசுக்குப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். கடைசியில், நினைத்த உருவம் எடுக்கும் வில்லன் முல்காரத், ஜேரட்டின் அப்பா உருவத்திலேயே வருவான். அந்த இடத்தை அவன் தனியாகப் படிக்க விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள்.

2008இல் வந்த படம் இப்போது வேண்டாம். ஐந்து பாகத்தையும் ஒரே படத்தில் அடைத்ததால் மூச்சு விட இடமில்லை, அப்பா உருவத்தில் வருகிறவனை ஜேரட் கத்தியால் குத்துவதைக் கண்ணெதிரே காட்டுவார்கள். ஃப்ரெடி ஹைமோர் ஒருவரே இரட்டையர் இருவராகவும் நடித்திருப்பார், அருமையாக இருக்கும், ஆனால் ஒரு வருஷம் போகட்டும். 2024இல் வந்த தொடர் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கானது, அதையும் தள்ளி வையுங்கள்.

அல்சூர் பெரியவர்:

அம்மா, நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். பேரனுக்காக இந்தப் புத்தகங்களைப் படித்தேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்திருந்தோம், நாளைக்கு வா என்று அர்த்தம். ராத்திரி ஒரு பேய் வந்து கதவைத் தட்டும், வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடும், கதவில் எழுதியதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று பேச்சு. எங்கள் பாட்டி வேலூர்ப் பக்கம், அவர் சொல்வது: ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிடட்டும், அப்புறம் பதில் சொல். கைக்குழந்தை பக்கத்தில் இரும்புத் துண்டு வைப்பார், உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார். அந்தப் புத்தகத்து ஜந்துகளுக்கும் இரும்பு ஆகாது, படத்தில் உப்பைக் கண்டால் காப்ளின் அலறும்.

பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லுங்கள். நம் வீடுகளில் காலம் காலமாக இப்படிப் பயந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு உபாயமும் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் அவனுக்கும் கையில் ஒன்று கிடைத்த மாதிரி இருக்கும். என் பேரன் ஒரு அட்டையில் 'நாளை வா' என்று தமிழில் எழுதிக் கட்டில் காலில் கட்டினான், ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது.

கோரமங்களா சித்தப்பா:

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பையன் படிக்கட்டும், 6 வயதுப் பாப்பா காதில் விழ வேண்டாம். எங்கள் வீட்டில் அண்ணன் பையன் படிக்க, சின்னவன் இரண்டு மாதம் தனியாக பாத்ரூம் போகவில்லை. பாப்பா கேட்டால் முதல் பாகத்தில் அந்தக் குட்டிப் பூதம் திம்பிள்டாக்குக்கு ஜேரட் புது வீடு செய்து கொடுப்பதை மட்டும் சொல்லுங்கள். சுவரில் இருந்த அதன் கூட்டைப் பிள்ளைகள் கலைத்துவிட, அது கோபத்தில் மேலரி முடியைக் கட்டிலில் கட்டிவிடும், பழி ஜேரட் மேல் விழும், அப்படியும் அவனே போய்ப் பறவைகளுக்கான சின்ன மரப்பெட்டியை வீடாக மாற்றி வைத்து மன்னிப்புக் கேட்பான். தொடரிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

ராமமூர்த்திநகர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பானஸ்வாடி அக்கா சொன்னது சரி. கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அப்பா வர்றப்ப அது அப்பாதானான்னு எப்படித் தெரியும்?" என்றான். நான்காம் பாகத்தில் ஒரு ஜந்து ஜேரட் மாதிரியே உருவம் எடுத்ததிலிருந்து இதையே யோசித்திருக்கிறான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

நேற்று ராத்திரி ஐந்தாம் பாகத்தை நானே வாசித்தேன், பாப்பா தூங்கிய பிறகு. அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு தோஹாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னான். மதுரை வீட்டு வாசலில் படுக்கிற நாய்க்கு நாம் என்ன பேர் வைத்தோம் என்று அவரிடம் கேட்டான். அவர் பேரைச் சொன்னார், அதற்கு எந்தக் காது மடங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பையன் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தான், மீதியை டார்ச் வெளிச்சத்தில் வாசித்தோம்.

இப்போது கதையில் வரும் லூசிண்டாவின் அப்பா ஆர்தர் ஸ்பைடர்விக் எழுதியதாகவே 2005இல் வந்த அந்தக் கையேடு வேண்டுமாம், ஒவ்வொரு ஜந்துவுக்கும் வண்ணப் படம் போட்ட பெரிய புத்தகம். சனிக்கிழமை சர்ச் ஸ்ட்ரீட் போகிறோம். யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.