அகுல்ஹாஸ் சுழல்: 90 நாளுக்கு எல்லை மூடவில்லை

அகுல்ஹாஸ் நீரோட்டத்திலிருந்து பிரிந்து கேப் டவுனுக்கு மேற்கே இருக்கும் கடல் சுழல் ஒன்றின் எல்லையை எல்ஏவிடி முறையில் (துகள்களின் பாதை நெடுக, சுழல்மை, அதாவது நீர் சுழலும் வேகம், சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கூட்டிப் பார்ப்பது) தேடுகிறேன். கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் கடல்மட்டத் தரவு, ஜியோஸ்ட்ரோபிக் வேகம் (கடல்மட்டச் சரிவிலிருந்து கணிக்கும் நீரோட்ட வேகம்), 0.25 டிகிரி, தினசரி.

30 நாள் கணக்கீட்டில் எல்ஏவிடி சமமதிப்புக் கோடு மூடியதாக, சுத்தமாக வருகிறது. 90 நாளில் மையத்து உச்சம் மட்டும் நிற்கிறது. சுற்றியுள்ள கோடுகள் இழை இழையாகக் கிழிகின்றன. குவிவுக் குறை (கோடு உட்குழியாமல் குவிந்த வடிவத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) வரம்பு 0.001-க்குள் எதுவும் அடங்கவில்லை. கடல்மட்டப் படத்தில் சுழல் முழுசாகத்தான் தெரிகிறது, ஆனால் அந்த வட்டத்துக்குள் நீர் தங்குகிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

துகள் இடைவெளியை 1/50 டிகிரிக்கு நெருக்கியாயிற்று; துகள் பாதையைக் கணிக்கும் ஆர்கே4 (ரங்கே-குட்டா) முறையின் நேரப்படி 6 மணியிலிருந்து 1 மணி; கட்டங்களுக்கு இடையே வேகத்தைக் கணிக்கும் இன்டர்பொலேஷன் லீனியரிலிருந்து க்யூபிக். எதிலும் மாற்றமில்லை. நிலக் கட்டங்களை ஒதுக்கிவிட்டுத்தான் சராசரி சுழல்மை கழிக்கிறேன். வரம்பை 0.01 ஆக்கினால் எல்லை கிடைக்கிறது, ஆனால் அதன்மேல் விட்ட துகள்கள் 90-ஆம் நாளில் வால் விட்டு நீள்கின்றன.

இந்த வால் நிஜக் கசிவா, தரவின் கரடுமுரடான ரெசொல்யூஷனால் வருவதா என்று எந்தச் சோதனையால் பிரித்தறியலாம்?